ஆரஞ்சுத் தோலும் அக்கரையும்

ஆரஞ்சுத் தோலை நீரில் போட்டுவிட்டு, அது மிதந்து போகும் வேகத்துக்குத் துறையின் விளிம்பில் கூடவே நடந்துகொண்டிருந்தார் படகுக்கார அக்கா. சாதாரண நடைக்குத் தோல் அகப்பட்டால் நீரோட்டம் நிதானம். எட்டி நடைபோட வேண்டியிருந்தால் கொஞ்சம் முரடு. ஓட வேண்டி வந்தால் அன்றைக்குப் படகே கிடையாது.

ஐம்பது வயது. ஆண்கள் சட்டை, கழுத்தில் துண்டு. சுளைகளை அவர் ஒருவரே தின்றுவிடுவார். சிறுநீரகம் கெட்டுப்போன கணவருக்கு ஆரஞ்சு ஆகாது. உரித்த கையை முகர்ந்து பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி உண்டு.

கணவருக்கு வாரம் மூன்று முறை அக்கரை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அந்த வாரம் புயலில் ஒரு முறை தவறிப்போயிருந்தது. அக்கரைக்குப் போக நான் துறைக்கு வந்த அன்று அவர் முகம் வீங்கி, மூச்சு இரைக்கப் படகின் முன்பலகையில் உட்கார்ந்திருந்தார். அப்படியும் அக்கா இன்ஜினைத் தொடவில்லை.

"தண்ணி ஒரு பக்கம் போகுது, காத்து எதிர்ல அடிக்குது. ரெண்டும் மோதினா நடுவுல அலை சுவராட்டம் நிக்கும். காத்து அடங்கட்டும்."

"அவரைப் பாருங்கக்கா, தாங்குவாரா?" என்றேன், பெரிய மனிதனாட்டம்.

"அவரைப் பாத்துதான் சொல்றேன்."

பிறகு கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னார்: "முதல் வருஷம் அவசரப்பட்டேன். ஆஸ்பத்திரியையே பாத்துப் பாத்து அதுக்கு நேரா படகைத் திருப்பிக்கிட்டே போனேன். தண்ணி தள்ளிக்கிட்டே போயி எங்கயோ கீழ விட்டுருச்சு. எதிர்த்து ஏறி வரதுக்குள்ள டீசல் தீந்துபோச்சு. இவருக்கு நினைவே இல்ல."

ஒரு மணி நேரம் கழித்துக் காற்று தணிந்தது. கிளம்பினோம். அக்கா படகின் மூக்கை இடப்பக்கம் வெகு தூரத்தில் தெரிந்த புகைபோக்கியை நோக்கித் திருப்பினார்.

"அக்கா, ஆஸ்பத்திரி வலது பக்கம் இருக்கு!"

"அது எங்கயும் போயிடாது. ஆடாம உக்காருங்க."

மூக்கு ஒரு பக்கம் பார்க்க, நீரோட்டம் வலப்பக்கம் தள்ள, படகு நண்டு மாதிரி சாய்வாக நகர்ந்தது. எதிர்க்கரையில் ஒரு விளக்குக் கம்பம், அதற்கு நேர் பின்னால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் வழி சரி. தொட்டி விலகினால் நீரோட்டம் நம்மை இழுக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்வது கணவரின் வேலை.

"தொட்டி வலது பக்கம் ஒதுங்குது" என்றார் அவர். அக்கா மூக்கை இன்னும் இடப்பக்கம் திருப்பினார். நடு நீரோட்டத்தில் கணவரின் தலை கவிழ்ந்தது.

"ஏங்க! தொட்டி எங்க?"

அக்கா குரலை உயர்த்தினார்.

"தொட்டி எங்கன்னு கேட்டேன்!"

"நேரா... நேராத்தான் இருக்கு."

அவர் தலைக்கு மேலே தொட்டி எனக்கே பளிச்சென்று தெரிந்தது. அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? கரை சேரும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தார், அவரும் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

படகு கம்பத்தடியில் பிசகாமல் ஒட்டியது. ஆஸ்பத்திரி ஆட்கள் கணவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் நர்ஸ் வந்தாள்.

"இன்னைக்கு அவரை அனுப்ப மாட்டோம்மா. நாளைக்கு என்னன்னு இப்பச் சொல்ல முடியாது. நீங்க கிளம்புங்க."

அக்கா தலையாட்டினார். கிளம்பவில்லை. சட்டைப்பையிலிருந்து இன்னொரு ஆரஞ்சை எடுத்து உரித்தார். தோலை நீரில் போட்டுவிட்டு, அக்கரைத் துறையின் விளிம்பில் அதன் கூடவே நடக்க ஆரம்பித்தார்.