ஆயர் தாவாரில் விட்டுவந்த மயில்

ஈப்போ பக்கத்துச் செமோரில் எங்கள் முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது இந்தப் பயணம் போனேன். ஆயர் தாவார் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது சாமி எங்களோடு செமோருக்கு வந்துவிட்டது. அதன் மர மயில் வாகனம் மட்டும் என் மச்சான் சாமுவேல் வீட்டில் தங்கிவிட்டது. (அப்போது அவர் சண்முகம். கிறிஸ்தவ சபைக்குப் போன பிறகு சாமுவேல்.) பழைய மயில் மேல்தான் சாமி சுற்றி வர வேண்டும் என்று தோட்டத்துச் சனம் ஒரே பிடியாக நின்றது. அதைக் கேட்டு வாங்கிவர ஆள் வேண்டுமே. மயில் விஷயத்தில் பேராக் மாநிலத்திலேயே என்னை அடிக்க ஆள் கிடையாது.

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு நூற்றிருபது வெள்ளி, அதாவது ரிங்கிட். அந்த வழியாகப் போகும் சித்தியவான் பஸ் மலிவு, ஆனால் மயில் பஸ்ஸில் வருமா? காலை எட்டு மணிக்குக் கிளம்பி, லகாட் வழியாகப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனோம்.

ஓட்டுநர் அஸ்மான் மலாய்க்காரர். வழி நெடுக அவருக்குப் பாடம் எடுத்தேன். கிரேக்கத்தில் ஒரு ராணித் தெய்வம், செத்த காவலாளியின் நூறு கண்ணையும் மயில் தோகையில் பதித்துவிட்டது. சீனத்து ராஜா பெரிய அதிகாரி தொப்பியில் மயிலிறகு குத்துவார். பௌத்தர்களுக்கு மயில் மேல் வரும் விஷமுறிவுத் தெய்வமே உண்டு. அஸ்மான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்லீஸ் என்ற சைத்தானின் இனிப்புப் பேச்சில் மயங்கிச் சொர்க்கத்துக்குள் வழிவிட்டது மயில்தான் என்று தன் பாட்டன் சொன்ன கதையைச் சொன்னார். பேச்சால் கெட்ட கதை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. அதை ஒட்டிய தாமான் குடியிருப்பில் மச்சான் வீடு. மயிலைச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, வாசலிலேயே வைத்திருந்தார்.

“இத வீட்டுல வைக்காதன்னு பாஸ்டர் சொல்றாரு மச்சான். நீ தூக்கிட்டுப் போயிரு லா,” என்றார். முகம் சரியில்லை.

தூக்கிக் காரில் வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். மச்சான் மனைவி மேரி தேத்தண்ணி கொடுத்தார். உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியுமா? வேதக்காரர்களும் ஆதியிலிருந்தே மயிலை மதித்தவர்கள்தான் என்று ஆரம்பித்தேன். மயில் கறி அழுகாது என்று நம்பி, ரோமாபுரியில் கல்லறைச் சுவரிலேயே அழியாத வாழ்வுக்கு அடையாளமாக மயிலை வரைந்தார்கள். யூடியூபில் பார்த்தது நேரில் பார்த்த மாதிரிதானே. முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

மேரி மெல்லக் கேட்டார். “அப்போ இது வீட்டுல இருந்தா பாவம் இல்லியாண்ணே?”

“பாவமா? ஆசீர்வாதம் லா,” என்றேன்.

மச்சான் எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார். மயிலைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் தூக்குக்கட்டையைக் காட்டினார். ஓரிடத்தில் வழுவழுவென்று குழி.

“இது எங்கப்பா தோளு மச்சான். சாகுற வரைக்கும் அவருதான் முன்னால தூக்குனாரு. நீ படிச்சவன் சொல்ற, இங்கயே இருக்கட்டும். பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

சொன்னதை விழுங்க முடியுமா? அந்தக் குழியில் கை வைத்த பிறகு மயிலைக் கேட்கவும் மனம் வரவில்லை. திரும்பும்போது பின் இருக்கை காலி. அஸ்மான் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார், நல்ல மனிதர்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், பகல் வெயில் கொல்லும். காருக்குத் திரும்பும் வாடகையையும் சேர்த்தே பேசுங்கள். எதையாவது வாங்கிவரப் போகிறீர்கள் என்றால், முதலில் காரில் ஏற்றுங்கள், பிறகு தேத்தண்ணி குடியுங்கள்.

கும்பாபிஷேகத்துக்கு ஃபைபர் மயில் வாங்கினோம். பளபளவென்று அழகுதான். முன்னால் தோள் கொடுத்தது நான். கோயிலை மூன்று முறை சுற்றினோம். கனமே தெரியவில்லை.