கல்யாணப் பத்திரிகையில் ஓடிய கார்

என் கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து மாமனாரின் கார் இன்ஜினுக்குள் வைத்தவன் நான். குடித்துவிட்டுச் செய்தேன் என்றாலாவது யாராவது மன்னிப்பார்கள். காலை இட்லிக்குப் பிறகு, நல்ல தெளிவோடு, பக்கத்தில் ஒரு கார் ரிப்பேர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு செய்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கல்யாணமாகி முதல் கோடை விடுமுறைக்கு விழுப்புரத்தில் மனைவி வீட்டுக்கு வந்திருந்தேன். மாப்பிள்ளை என்பது ஓர் உத்தியோகம். சாப்பிடுவதும் சாய்ந்து கிடப்பதும்தான் அதில் வேலை. பத்தே நாளில் எனக்கு மூளை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மாமனார் மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. அவரிடம் இருந்த பழைய சீமைக் காரை வளவனூர்க்காரர் ஒருவர் ஓட்டினார். வீட்டில் எல்லோரும் அவரை டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். நாற்பது வயது, நாலு பிள்ளைகள், அதிகம் பேசாத மனிதர். அந்த வருஷம் மாசியில்தான் ஒலக்கூர் பக்கம் நடுரோட்டில் கார் நின்று, மாமனார் போய்ச் சேர்வதற்குள் சரக்கு பார்க்க வந்தவர்கள் வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். இன்னொரு தபா வண்டி மக்கர் பண்ணினால் சாவியைக் கொடுத்துவிட்டு வளவனூர் பஸ் ஏற வேண்டியதுதான் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில் இன்ஜினில் மெல்லிய விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காற்றும் பெட்ரோலும் கலந்து இன்ஜினுக்குள் போகிற குழாய், இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு பேக்கிங் இருக்கும். அது நைந்துவிட்டது, திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று டிரைவர் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போனார். மாமனாரும் புதுச்சேரி போயிருந்தார். வீட்டில் இன்ஜினும் நானும்தான். பேக்கிங் என்பது கெட்டியான காகிதம் என்று புத்தகம் சொன்னது. கெட்டியான காகிதம் பரணில் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவிய என் கல்யாணப் பத்திரிகை. ஒரு பத்திரிகை நீளம் போதவில்லை. இரண்டை ஒட்டு வைத்தேன். அந்த ஒட்டின் நேர்த்தியை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன். மறுநாள் விடிந்ததும், பேக்கிங்கை நானே மாற்றிவிட்டேன் என்று டிரைவரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை மாமனார் காரில் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் நின்ற இடத்தில் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உதறல் குறையும், காலை எடுத்தால் மறுபடி உதறி, இருமி, அணைந்துவிடும். "என்னய்யா பண்ண இத்த?" என்று மாமனார் கேட்டார். டிரைவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் செய்தித்தாளில் சிங்கப்பூர்ச் செய்திகளில் மூழ்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை திண்டிவனம் மண்டிக்குப் போகணும், அதுக்குள்ள சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு மாமனார் இறங்கிப் போனார்.

அதன்பின் டிரைவரும் நானும் இன்ஜினோடு குடித்தனம் நடத்தினோம். பிளக்குகளைத் தேய்த்தோம். தீப்பொறிக்கான பாயின்டை அரம் போட்டோம். பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினோம். கார்புரேட்டரின் திருகாணியை நான் திருப்பிய திருப்பலில் அதற்கே தலை சுற்றியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. புதன்கிழமை டிரைவர் மெதுவாகக் கேட்டார், "கடைசியா கை வச்ச எடத்த மொதல்ல பாத்துடலாமே, மாப்ள சார்?" அளவெடுத்து வெட்டிய பேக்கிங்கில் தவறு வர வாய்ப்பே இல்லை என்று பௌதிகத்தை வைத்து அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி பிளக்கைத் தேய்க்கப் போனார். வீட்டு மாப்பிள்ளை போட்டதைப் பிரித்துப் பார்ப்பது, மாப்பிள்ளையையே பிரித்துப் பார்ப்பது போல என்று நினைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை, திருகாணியின் தயவில் அணையாமல் உதறிக்கொண்டிருந்த வண்டியின் பானட்டைத் தூக்கி வைத்து, டிரைவர் ஊதுபத்தி கொளுத்தினார். வாராவாரம் செய்வதுதான். அப்போது நான் பகுத்தறிவில் முதிர்ந்திருந்தேன். புகை காட்டினால் இயந்திரம் ஓடுமா என்று கேட்டேன். "வண்டிக்குக் காட்டறேன் சார், உங்களுக்கு இல்ல" என்றார். விசிறிக் காற்றில் புகை சிதறிப் பின்னால் ஓடியது. கை கடைசி சிலிண்டர் பக்கம் போனபோது மட்டும் புகை சிதறவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராகக் குழாயின் ஒட்டுக்குள் நுழைந்தது. டிரைவர் கையை எடுத்தார், மறுபடி காட்டினார். மறுபடி நுழைந்தது. ஊதுபத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, விரலில் கிரீசை வழித்து அந்த இடத்தில் அப்பினார். நான்கு நாள் உதறிய இன்ஜின் சட்டென்று அடங்கி, தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சு விட்டது.

சூடு ஆறியதும் பிரித்தோம். ஒரு துண்டில் மணமகன், இன்னொரு துண்டில் மணமகள். இருவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, அதன் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலிருந்து பேக்கிங் ஷீட் வாங்கி வந்து, ஒரே துண்டாக வெட்டி மாட்டிவிட்டார். பத்திரிகைத் துண்டுகளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மாமனார் வந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். "இத்த திங்கக்கெழமையே ஒழுங்கா செஞ்சிருந்தா என்ன? ஆடி வரைக்கும் பாப்பேன், அதுக்கப்பறம் வேற ஆளுதான்" என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் தலையாட்டினார். என் கையில் பத்திரிகை இருந்தது. எங்கிருந்து வந்ததோ, குரல் வந்துவிட்டது. பிரித்தது நான், வைத்தது நான், அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லி, சாட்சியை நீட்டினேன்.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிரீஸ் படிந்த துண்டுகளை இரு பக்கத்து உறவினர் பெயர் வரை நிதானமாகப் படித்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, நீ ஏன்யா சொல்லல என்றார். "வூட்டு மாப்ளய எப்படிங்க மொதலாளி சொல்றது?" மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல. நீயே ஓட்டு. இனிமே மாப்ள கேட்டாலும் பானட்டத் தொறக்காத" என்று சொல்லி வண்டியில் ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார். வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு அவருக்கு தைரியமில்லை.

திண்டிவனத்தில் மாமனார் மண்டிக்குள் போனதும் நானும் டிரைவரும் வண்டியில் சாய்ந்து நின்றோம். உண்மையைச் சொல்வதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது என்று, அவர் பாராட்டுவார் என்ற நம்பிக்கையில், நானே பேச்சை எடுத்தேன். அவர் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னது நல்லதுங்க, மாப்ள சார்" என்றார். "திங்கக்கெழமையே சொல்லியிருந்தா, நாலு நாளு எங்க வூட்ல சோறு எறங்கியிருக்கும்."