கேப்டனின் எடை மெஷின்

கேப்டன் நாட்டைவிட்டுப் போகும்போது தந்த எடை மெஷின், நியூசிலாந்தில், ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இன்னும் கிடக்கிறது. எண்பதுகளில் அது அதே ஊரின் சிறிய விமானத்தளம் ஒன்றில், நாங்கள் வேலை செய்த கொட்டகை வாசலில் இருந்தது. அவர் மலேசியத் தமிழர். சின்ன ஹெலிகாப்டர் ஓட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற யாழ்ப்பாணத்தான் நான், அதற்குப் பெற்றோல் ஊற்றினேன். என் விசா அந்த வேலையில்தான் தொங்கியது. எவர் சொல்லும் எடையையும் கேப்டன் நம்பமாட்டார். பயணம் செய்ய வருபவர் காலில் போட்ட சப்பாத்தோடும் கையில் பையோடும் மெஷினில் ஏறி நிற்கவேண்டும். நான் பெற்றோல் ஊற்றிய தாங்கிக்குள்ளும் அளவுகுச்சி விட்டுப் பார்ப்பார். “மேல காத்து மெலிசு. பொய்யைத் தூக்காது” என்பார்.

அந்த நாட்டில் ஜனவரிதான் கோடை. அப்படி ஒரு கோடையில் மலைப்பக்கத்து விமானத்தளம் ஒன்றுக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே மின்நிலையத்தில் வேலை செய்த என் அக்காவின் கணவரை, அத்தானை, பொங்கலுக்கு ஏற்றிவருவதாக ஏற்பாடு. மெஷினும் ஒரு பாரம் என்று விட்டுவிட்டு வந்ததால், அத்தானின் எடையைத் தொலைபேசியிலேயே கேட்டிருந்தார். மத்தியான வெயிலில் ஹெலிகாப்டர் ஒரு சாண் எழும்பி, அதற்குமேல் போக முடியாமல் நடுங்கியது. உடனே இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாரம் கூடிருக்கு. எவ்வளவு ஊத்துன?”

“நீங்க சொன்ன அளவுதான், கேப்டன்.”

குச்சி விட்டுப் பார்த்தார். அளவு சரி. அப்படியும் என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது அத்தான் இருக்கைக்கடியில் கிடந்த தன் கோட்டைக் காலால் உள்ளே தள்ளினார். கேப்டன் அதை இழுத்தார். கீழே தட்டையான பெரிய ஆற்றுக்கல்.

“அது சும்மா ஒரு கல்லு. இவன்ர அக்காவுக்கு அம்மிக்கு. சம்பல் அரைக்க” என்றார் அத்தான்.

“பை மட்டும்தான்னு ஃபோன்ல சொன்னீங்களே!”

“ஓம், கல்லு பைக்குள்ள இல்லையே.”

கேப்டன் சிரிக்கவில்லை. கல்லைப் புல்லில் இறக்கி வைத்தோம். ஹெலிகாப்டர் மேலே எழும்பியது.

என்னைச் சந்தேகித்ததற்கு அவர் ஏதாவது சொல்வார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். ஆக்லாந்தில் இறங்கியதும் அவர் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையும் நான் பெற்றோல் ஊற்றி முடித்ததும் குச்சியோடு வந்தார். இன்னும் என்னை நம்பவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அளந்து முடித்தவர் குச்சியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். “நீயும் என்னை நம்பாத. ஒரு தடவ பாருலா” என்றார் தன் மலேசியப் பேச்சில். நானும் விட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து எப்போதும் இருவரும் அளந்தோம்.

இப்போதும் பொங்கலுக்கு அத்தான் வருகிறார். அவர் பை கொஞ்சம் கனத்தாலே என் கண் அங்கே போய்விடுகிறது. குளியலறையில் அவர் அந்த மெஷினில் கால் படாமல் சுற்றித்தான் நடக்கிறார்.