பூ இல்லாத மாதத்தில் தேனீக்கள் தின்றவை

தேனீ பூவில் தேன் எடுக்கும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அரசு ஊழியனுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. எந்த மனுவுக்கு எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்குப் பின்னால் முருங்கையடியில் என் மனைவி வைத்திருந்த தேனீப் பெட்டிக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

அவள் தை மாதம் போய்ச் சேர்ந்தாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் சுற்றுவட்டாரத்தில் பூ என்று எதுவும் மிஞ்சவில்லை. அப்போதுதான் தேனீக்களை வேறு இடங்களில் பார்க்க ஆரம்பித்தேன். டீக்கடைச் சர்க்கரை டப்பாவில் இருந்தன. வெடித்துக் கிடந்த சீத்தாப்பழத்துக்குள் இருந்தன. மா இலையில் பூச்சிகள் விட்டுப்போன பிசுபிசுப்பை நக்கிக்கொண்டிருந்தன. மாவு மில்லில் சிந்திய கேழ்வரகு மாவைக் காலில் அப்பிக்கொண்டு பறந்தன. பூவுக்குப் பதில் மாவு. போலிச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு அவை சமையலறை ஜன்னலுக்கும் வந்தன. மழைக்காலத்தில் அவள் அங்கேதான் இனிப்புத் தண்ணீர்த் தட்டு வைப்பாள். இப்போது தட்டு இல்லை. வெறும் கல்லின் மேல் ஊர்ந்து பார்த்துவிட்டு, கம்பியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தன. தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான் என்று பிறகு படித்தேன். அவளைப் பார்த்த தேனீ ஒன்றுகூட உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. இவற்றுக்கு யார் சொன்னது? நான் ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடியில் முட்டும் சத்தம் எட்டு மணிவரை கேட்டது.

மொரப்பூர் சாலையில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை வைத்திருக்கும் அம்மாள் ஒருநாள் வந்து, ஈரத் துணி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பாகு ஒட்டிய தேனீக்கள், ஒரு கைப்பிடி.

"உங்க வூட்டு ஈங்க எங்க கொப்பரையில வுழுந்து சாவுதுங்க சார்."

"எங்க ஈதான்னு எப்படித் தெரியும்? முதுகுல அட்ரஸ் எழுதியிருக்கா?"

"இந்தப் பக்கம் பொட்டி வெச்சது அக்கா ஒருத்திதானுங்க. அவங்க இருந்தப்ப ஒன்னுகூட வராது."

துணியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. அன்று அவள் குழிக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எதிரே நிற்க வேண்டும். இப்படியே செத்துப் பெட்டி காலியாகிவிட்டால், அதை அங்கே நின்று எப்படிச் சொல்வது?

தட்டை எடுத்தேன். நம் ஊர் வெல்லம் இருக்க, சீனி எதற்கு? அந்த அம்மாளிடமே நல்ல உருண்டையாக வாங்கி, கரைத்து, வடிகட்டி, தேனீ மூழ்காமலிருக்க வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டேன். அடுத்த நாள் காலை தட்டில் கருப்பாக மொய்த்தன. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. மூன்றாம் நாள் பெட்டியின் முகப்பில் பழுப்புக் கறைகள் வழிந்திருந்தன. தரையில் தேனீக்கள் வயிறு உப்பி, பறக்க முடியாமல் ஊர்ந்தன.

அம்மாளை அழைத்து வந்தேன். பார்த்ததும் கேட்டார்.

"என்னங்க வெச்சீங்க?"

"உங்க வெல்லந்தான்."

சிரித்துவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொண்டார். "மனுசன் திங்கலாங்க. ஈக்கு ஆவாது, வயித்தால போயிரும். அதான் கொப்பரைப் பக்கம் வராம அக்கா பார்த்துக்குவாங்க. ரேஷன் சக்கரதான் கரைச்சு வெப்பாங்க. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"சொல்லியிருப்பா."

சொல்லித்தான் இருப்பாள். நான் செய்தித்தாளைத் தாழ்த்தாமல் 'ம்' சொல்லியிருப்பேன்.

மளிகைக் கடையில் விற்பதும் வெள்ளைச் சர்க்கரைதான். ஆனால் அவள் செய்தபடியே செய்ய வேண்டும் என்று பட்டது. நடைமுறையை மீறி ஒருமுறை பார்த்தாயிற்று. அலமாரியில் குடும்ப அட்டையைத் தேடி எடுத்தேன். அவள் போன பிறகு அதை நான் தொடவில்லை. அட்டையில் இரண்டு பேர் இருந்தோம்.

பெயர் நீக்கத்துக்கு இறப்புச் சான்றும் ஒரு விண்ணப்பமும் போதும். அரை மணி நேர வேலை. வழங்கல் பிரிவில் இருந்தபோது, மனைவி பெயரை நீக்காமல் வைத்திருந்த ஒரு பெரியவரிடம், "செத்தவங்க வந்து சர்க்கரை வாங்குறாங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அவர் என் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுத்தக்காரர் என்று நினைத்தேன்.

ரேஷன் கடையில் இயந்திரம் என் கட்டைவிரலை இரண்டு முறை நிராகரித்தது. மூன்றாவதில் ஏற்றது. திரையைப் பார்த்த விற்பனையாளர் பெண் கேட்டார்:

"ரெண்டு பேரு காட்டுதுங்க சார். ரெண்டு பேருக்குமே போட்டுரட்டுங்களா?"

பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண்ணுக்கும் தெரியும், சாவுக்கு வந்திருந்தார்.

"போடுங்க" என்றேன்.

அவளுடைய பங்கைத் தனிப் பையில் வாங்கிக்கொண்டேன். அதை மட்டும் கரைத்து வைத்தேன். முதல் நாள் நாலைந்து தேனீக்கள் வந்தன, பிறகு கொஞ்சம் கூடின. பாதிப் பெட்டி செத்துப்போயிருந்தது. மீதிப் பாதி, காதை வைத்தால் முனகியது.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, "பெட்டி இருக்கிறது" என்று சொன்னேன். பெயர் நீக்கும் விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. இந்த மாதப் பங்கை வாங்கியவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.