டைமன் ஏழு போட்ட மாதம்

சீட்டாட்டத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கு வாத்தியாராக வந்த பிறகு அது இன்னும் ஏறிப்போயிற்று. ஞாயிறு மதியம் ஜீப் நிற்கும் இடத்தில் தார்ப்பாய் விரித்து மூன்று பேர் ரம்மி ஆடுவோம். வாணியம்பாடியிலிருந்து வந்து புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுக்கும் பாய், அவருக்காக மரம் ஏறிப் புளி உலுக்கும் உள்ளூர் அண்ணன், நான். பந்தயம் வெறும் புளியங்கொட்டைதான்.

மலைக்காற்றில் ஆடுவதற்குத் தனிப் புத்தி வேண்டும். போட்ட சீட்டின் மேல் கல் வைக்காவிட்டால் ஓடையில் போய்ப் பொறுக்க வேண்டியதுதான். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் வெயில் கண்ணைக் குத்தும். அதனால் நான் முதல் ஆளாக வந்து மரத்தடி நிழலைப் பிடித்துக்கொள்வேன். பாய்க்கு நல்ல கை வந்துவிட்டால் போன் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுக்க மாட்டார். கை மோசமென்றால் முதல் மணியிலேயே எழுந்துவிடுவார். அண்ணன் முகத்தில் மட்டும் ஒன்றும் படிக்க முடியாது.

மாசி பிறந்ததும் அந்த அண்ணன் வெயிலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். சீட்டை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். எனக்கு இரண்டே ஆட்டத்தில் விளங்கிவிட்டது: சிவப்புச் சீட்டுகளான ஆர்ட்டினும் டைமனும் அவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. அவர் ஆர்ட்டின் ஏழுக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் நான் டைமன் ஏழைப் போடுவேன். ஆசையாக எடுப்பார். அடுத்த சுற்றில் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார். நான்கு ஞாயிறு இப்படியே ஜெயித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அப்போது எனக்குக் குஷியாகத்தான் இருந்தது. அந்தக் கண்ணோடுதான் மறுநாள் காலையில் அவர் உச்சிக் கிளைக்கு ஏறுகிறார் என்பது புத்தியில் உறைக்கவேயில்லை.

ஐந்தாவது ஞாயிறு பாய் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போன நேரம், அண்ணன் ஆட்டம் முடிந்தது என்று டிக் அடித்துக் கையை விரித்தார். ஆர்ட்டின் ஐந்து, ஆறு, பக்கத்தில் டைமன் ஏழு. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கண்ணா நாளைக்கு எந்தக் கிளை பச்சை, எந்தக் கிளை பட்டது என்று பார்க்கப்போகிறது? பாய் இதைப் பார்த்தால் அவ்வளவுதான், அடுத்த நாளே வேறு ஆள் மரம் ஏறுவான். அண்ணனுக்கு அந்த வருஷப் பிழைப்பே அந்த இரண்டு மாதம்தான்.

பாய் திரும்பி வருவதற்குள் சீட்டையெல்லாம் வாரிக் கலைத்துவிட்டேன்.

"இன்னா வாத்தியாரே, நான் பாக்க வாணாமா?"

"நான் பாத்துட்டேன் பாய். சரியாத்தான் இருக்கு. அண்ணன் ஜெயிச்சிட்டாரு."

"நீங்களே ஒத்துக்கினீங்களா? அட, மழ வரப்போவுது!" என்று சிரித்துக்கொண்டே பாய் ஜீப்பைப் பார்த்துப் போனார்.

அண்ணனோடு அவர் வீட்டு வழியில் நடந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் போட்டு உடைத்துவிட்டேன்.

"அண்ணா, உங்களுக்குக் கண்ணு சரியில்ல. நாளைக்கு மரம் ஏறாதீங்க. கீழ கண்ணாஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கினு போறேன், காட்டிட்டு வந்துரலாம். பாய்கிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

அவர் நின்றார். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபம் இல்லை.

"ஒரு மாசமா தெரியும் இல்ல, சார்?"

என்னை அறியாமல் தொண்டையைக் கனைத்தேன்.

"டைமன் போடுறப்பல்லாம் தொண்டய ஒருவாட்டி கனைப்பீங்க. மொத வாரமே கண்டுக்கினேன். நானா பாய்கிட்ட போய், பயமா இருக்குது, ஏற மாட்டேன்னு எப்டி சொல்றது? படிச்சவரு பாத்துட்டாரே, இன்னிக்கி சொல்லுவாரு, அடுத்த வாரம் சொல்லுவாருன்னுதான் வந்து வந்து ஒக்காந்தேன். அதுக்குள்ள இருவது மரம் ஏறி எறங்கிட்டேன், சார்."