குடையோடு ஒரு நபர்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மழையும் இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயிலும் இல்லை. வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப் பக்கம் ஓர் ஆள் குடையை விரித்து, முகத்தை மறைத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து போனதை யாராவது பார்த்திருந்தால்... அது நான்தான்.

யாருக்குப் பயந்து? போலீஸுக்கா? இல்லை. ஒரு மூக்குக் கண்ணாடிக்கு!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மீரான் என்னுடைய முப்பது வருஷ சிநேகிதர். காயல்பட்டினத்திலிருந்து இங்கே காலேஜ் படிக்க வந்தவர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வேலையும் இங்கேயே கிடைத்து, எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டார். கண் நரம்பில் ஏதோ கோளாறு. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, எட்டு வருஷத்துக்கு முன்னால் முழுசாகப் போய்விட்டது. வேலையை விடவில்லை. அதே ஆபீஸில் டெலிபோன் பிரிவுக்கு மாறிக்கொண்டார். தினமும் வெள்ளைத் தடியோடு தனியாகத்தான் பஸ் ஏறுவார். கையைப் பிடித்தால் கோபம் வந்துவிடும்.

தடி தரையைப் பார்த்துக்கொள்ளும். பள்ளம், படி, நடைபாதையில் நிறுத்திய பைக், எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் நெற்றியை யார் பார்த்துக்கொள்வது? சாய்ந்து தொங்கும் கடை போர்டு, வேனிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி... எட்டு வருஷத்தில் மீரானின் நெற்றியில் மூன்று தழும்புகள்.

துபாயில் இருக்கும் அவருடைய தம்பி இதைக் கேள்விப்பட்டு ஒரு கண்ணாடி வாங்கி அனுப்பினார். ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு கேமரா. எதிரே இருப்பதைப் பார்த்துக் காதுக்குள் சொல்லும். அதுவும் சுத்தத் தமிழில்! "எதிரே ஒரு நபர்", "தலை உயரத்தில் தடை." மீரானுக்கு ஒரே சிரிப்பு. நம்ம ஊரில் எவன் நபர் என்று பேசுகிறான்?

முதல் வாரமே ஒரு இரும்புக் கம்பியிடமிருந்து அவரைக் காப்பாற்றியது. அதைக் கேட்ட அன்று, அந்தக் கண்ணாடிக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

அந்தப் பாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான்.

அன்றைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். தெரிந்தவர்களின் முகத்தைப் பதிந்து வைத்தால், அவர்கள் எதிரே வரும்போது கண்ணாடி பேரையும் சொல்லுமாம். முதல் முகம் என்னுடையதாகத்தான் இருக்கவேண்டுமாம். மீரானின் மனைவி பாத்திமா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். எனக்குக் கல்யாணம் பேசிய காலத்தில்கூட யாரும் என்னை இத்தனை கோணத்தில் பார்த்ததில்லை.

"இனி நீரு இருபதடி தூரத்துல வரும்போதே எனக்குத் தெரிஞ்சிரும்வே" என்றார் மீரான், சந்தோஷமாக.

இனிப்பென்று பாத்திமா கொடுத்த வட்டலப்பம் எனக்கு இனிக்கவே இல்லை.

ஏன்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மீரானுக்குப் பேச்சு என்றால் உயிர். பஸ் ஸ்டாப்பில் ஒரு குரல் கொடுத்தால் போதும், என் சுகர் அளவில் ஆரம்பித்து மச்சினன் வீட்டு விசேஷம் வரை விசாரித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்துத்தான் விடுவார். அரை மணி நேரம் போய்விடும். நம்ம ஊரில் அதற்குக் குறைந்து நலம் விசாரித்தால் அது விசாரிப்பா?

அதனால் ஆபீஸுக்கு நேரமான நாட்களில் நான் ஒன்று செய்வேன். வாயைத் திறக்காமல் அவரைத் தாண்டிப் போய்விடுவேன். வாரத்துக்கு இரண்டு நாளாவது. எட்டு வருஷமாக! மனிதாபிமானத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் மூன்று தடவை எழுதியவன்தான்... நீங்களும் படித்துவிட்டுப் பாராட்டினீர்கள்.

இனி அந்த வேலை நடக்காது. பேசாமல் தாண்டினால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். "இத்தனை நாளும் இப்படித்தான் போனானா?" என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதுமே, முப்பது வருஷ சிநேகம் என்ன ஆகும்? ஒன்பது நாள் நல்ல பிள்ளையாக நின்று பேசினேன். ஒன்பது நாளும் ஆபீஸுக்கு லேட். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை குடையை எடுத்தேன்.

தாண்டியும் விட்டேன். நாலடி போயிருப்பேன்.

"குடைய மடக்கும்வே" என்று பின்னால் குரல். "கண்ணாடியில உம்ம பேரு இல்ல."

கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் போய் அவர் முன்னால் நின்றேன். பேர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"அன்னைக்கே அழிச்சிட்டேன். நீரு போன பொறவுதான் யோசிச்சேன். அவசரமாப் போற நாளு உமக்கும் உண்டும்லா? இது பாட்டுக்குக் காதுல பேரச் சொல்லும். சொன்னா நான் கூப்பிடணும், கூப்பிட்டா நீரு நிக்கணும். என்னத்துக்கு?"

அப்படியென்றால்... நான் பேசாமல் போவது?

"எட்டு வருஷமாத் தெரியும்வே. இந்த ரோட்டுல எல்லாவனும் தடதடன்னுதான் நடக்கான். ஒரு ஆளு மட்டும் என் பக்கத்துல வந்ததும் பைய, சத்தமில்லாம நடக்கான். தெரியாதவன் எதுக்குவே பைய நடக்கணும்?"

நான் குடையை மடக்கினேன். அவரோ சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்கு இது வேற 'எதிரே குடையோடு ஒரு நபர்'னு சொல்லுது. மழையே இல்ல, குடையோட ஒருத்தன் பைய வாரான்... இவரு யாருன்னு கண்டுபிடிக்க கேமரா வேற வேணுமாக்கும்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை ஏமாற்றிவிட்டதாக எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ எட்டு வருஷமாக என்னைப் போக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கம்பியைக் காட்டிக்கொடுக்க ஒரு மிஷின் வேண்டியிருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க வந்த மிஷினின் வாயை, அவரே அடைத்திருக்கிறார். என்ன மனுஷன் ஐயா!

என் பஸ் வந்தது. விட்டுவிட்டேன். டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வலியப் போய் மறுபடியும் முகத்தைக் காட்டி, பேரைச் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் கண்ணாடி முந்திக்கொள்வதற்குள் நானே குரல் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றும் கொடுத்தேன். மீரானோ, "இன்னைக்கு எனக்கு நேரமில்லவே, நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, தடியைத் தட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் பஸ் ஏறிவிட்டார்.

அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரியைச் சொல்ல எட்டு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை, பாருங்கள்!