பகடை வகுப்புக்கு வந்த மாமனார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தேன். புள்ளியியலுக்கு அங்கே தனி வகுப்பு கிடையாது. முதல்வரைக் கெஞ்சி, சனிக்கிழமை காலைகளில் நிகழ்தகவு சொல்லிக்கொடுக்க அனுமதி வாங்கினேன். கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். கடைத்தெருவில் பகடைகள் வாங்கிவந்து உருட்டச் சொன்னேன். அதன்பிறகு பெஞ்சுகளில் இடம் போதவில்லை.

அப்போதுதான் புதுச்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. “மாப்பிள்ளை காலேஜுல சூதாட்டம் சொல்லித் தர்றாருங்க” என்று யாரோ பெண்ணின் அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால், கடைசி பெஞ்சில் தலைப்பாகையோடு அவர்! கையிலிருந்த பகடைகளை மேசைக்குள் தள்ளப் பார்த்தேன்.

“நீங்க நடத்துங்க மாப்ள. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டினால் கூட்டுத்தொகை ஏழு ஏன் அடிக்கடி வருகிறது என்பது அன்றைய பாடம். மாணவர்கள் உருட்ட உருட்ட, மனிதர் ஒவ்வொரு பெஞ்சாக முன்னால் நகர்ந்து வந்துவிட்டார்.

“ஏனுங்க, இத்தன நேரமா ஏழு உழுகலியே, இனி உழுந்துதானுங்களே ஆகோணும்?”

“பகடைக்கு ஞாபகம் கெடையாதுங்க மாமா. முன்ன என்ன உழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாதுங்க.”

அவர் முகம் மாறியது. “நாலு வருசமா மழ சரியில்ல. இந்த வருசம் பேஞ்சே தீரும்னு காடு பூராக் கடலக்காய் போட்டிருக்கறனே! மழைக்கும் ஞாபகம் கெடையாதுங்களா?”

“அது எனக்குத் தெரியாதுங்க” என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அத நிதானமாக் கண்டுபுடிங்க. கல்யாணத்தத் தையிலயே வெச்சுக்கலாம்.”

அந்தக் கேள்விதான் என் ஆராய்ச்சியாயிற்று. தாலுகா அலுவலகங்களில் எழுதிவைத்திருந்த பழைய மழையளவுகளைத் திரட்டினேன். என் மனைவி வாசிக்க, நான் கணக்குப் போட்டேன். சில வருஷங்கள் பிடித்தன. போன வருஷத்து மழை இந்த வருஷத்துக்குப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. ஆனால் இன்று பெய்தால் நாளையும் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது.

“ஒரு நா ஞாபகமாச்சும் இருக்குதே, அது போதுமுங்க!” என்று மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டார்.

அந்த ஆய்வுக்கு எனக்குப் பட்டம் கிடைத்தது. கல்லூரியும் புள்ளியியலைத் தனிப் பாடமாக்கியது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் என் மனைவியின் தங்கையும் ஒருத்தி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான்.